கை தூக்கியவர்கள்

கமிட்டிக் கூட்டம் என்றால் வேகவைத்த மல்லாட்டைக் கடலை ஒரு தட்டு வைத்துவிட வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. வாய் மென்றுகொண்டிருந்தால் பேச்சு நீளாது. திண்டிவனத்துக் கண்ணில்லார் இல்லத்துக்குச் செயலாளராக வந்த முதல் வாரமே இதைக் கற்றுக்கொண்டேன்.

இல்லத்தை ஆரம்பித்த பாதிரியார் காலமாகிவிட்டார். நல்ல மனுஷர். கண் தெரியாதவர்களை அவர்களேதான் ஆள வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். கமிட்டியில் ஐந்து பேர். ஐந்து பேருமே இல்லத்தில் இருப்பவர்கள், பார்வையில்லாதவர்கள். சம்மதம் என்றால் கை தூக்குவார்கள். எத்தனை கை என்று நான் சொல்வேன். வாயால் சொன்னால் மனத்தாங்கல் வரும், கை தூக்கினால் யார் எந்தப் பக்கம் என்று அவர்களுக்குள் தெரியாது என்பது பாதிரியாரின் எண்ணம். கூட்டம் முடிந்து "நீ தூக்கினாயா?" என்று கேட்பதும் கூடாது. அடுத்தவர் தட்டில் கையை விட்டுத் துழாவுவது போல என்பார்கள்.

முதலில் சின்ன விஷயம்தான். ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் திறந்துவிடுங்கள், கடைத்தெரு வரை போய்வருகிறோம் என்றார்கள். ஐந்து கையும் மேலே போயிற்று. சண்டைக் காலம், சாலையில் பட்டாளத்து லாரி ஓடுகிறது. இரண்டு கைதான் என்றேன். கேட் பூட்டியே கிடந்தது.

பிறகு கமிட்டித் தலைவர் விருத்தாசலமும், கமிட்டியிலேயே இருந்த செண்பகமும் கல்யாணத்துக்கு அனுமதி கேட்டார்கள். அதற்கும் ஐந்து கை. ஒன்றுதான் என்றேன். அந்த ஒன்று தன் கைதான் என்று இரண்டு பேருமே நினைத்திருப்பார்கள். அதோடு பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். இல்லம் அமைதியாக இருந்தது.

அந்தோணிசாமி ஒரு தடவை சொன்னான்: "தூக்கித் தூக்கித் தோளே எறங்கிப் போச்சும்மா. இந்தக் கை ஒருநாளாவது ஜெயிக்குமா?"

"சோத்துக்கு முந்துற கையாச்சே, அதெப்படி ஜெயிக்கும்?" என்றாள் வீரம்மாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

போன தை மாதம் பட்டணத்திலிருந்து விழுப்புரத்துக்கு வந்த ஒரு கண் டாக்டர் இல்லத்துக்கும் வந்து பார்த்தார். ஐந்தாவது ஆளான பொன்னிக்கு இருப்பது வெறும் புரைதான், அறுத்தால் பார்வை வந்துவிடும், சித்திரைக்குள் கூட்டிவாருங்கள், பிறகு நான் பட்டாளத்துக்குப் போய்விடுவேன் என்றார். பொன்னி பிரம்பு நாற்காலி பின்னுகிறவள். அன்று முழுக்க அவள் வாய் ஓயவில்லை. "கண்ணு வந்தாலும் எங்கயும் போவ மாட்டேம்மா. இங்கயே இருந்துக்கினு, கூட்டத்துல எதிர்ல குந்திக்கினு எல்லார் மூஞ்சியும் பார்ப்பேன்."

நான் இதை நன்றாக யோசித்தேன், ஐயா. அவசரப்படவில்லை.

இல்லத்தை விட்டு யார் வெளியே போவதானாலும் கமிட்டி சம்மதிக்க வேண்டும். எல்லாரும் தூக்கினார்கள். பொன்னி இரண்டு கையையும் தூக்கியிருந்தாள். ஒரு கைதான் என்றேன்.

அவள் வழக்கத்தை மீறிவிட்டாள். ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டாள்.

"அண்ணே, நீ தூக்குனியா?"

"தூக்குனேன் பொன்னி, ஏசு மேல ஆண," என்றான் அந்தோணிசாமி.

"எக்கா, நீ?"

"அய்யே, உன் கண்ணுக்குத் தூக்காம எதுக்குத் தூக்கப்போறேன்?" என்றாள் வீரம்மாள்.

மற்ற இருவரும் அப்படியே சொன்னார்கள். பொன்னி என்னிடம் வந்தாள். "எல்லாருமே தூக்கினோம்ன்றாங்க. ஒத்தக் கைன்னீங்களே, இன்னாம்மா இது?"

எல்லாரையும் கூட்டிவைத்து, "நான் பொய் சொல்றேனா?" என்று மட்டும் கேட்டேன். கடைசியில் விருத்தாசலம், "காந்திமதியம்மாவுக்குக் கண்ணு இருக்குது. நம்மள்லதான் எவனோ புளுகறான்" என்றார். அன்றிலிருந்து தனித்தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

பொன்னி மட்டும் நம்பவில்லை. மறுநாள் காலையில் பால்காரனுக்குக் கேட் திறந்த சமயம் பார்த்துக் கோலைத் தட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். விழுப்புரம் பஸ்ஸுக்குத்தான். தனியாக விட மனம் வராமல் நானும் பின்னாலேயே போனேன். மல்லாட்டைக் கொல்லையில் வழி தப்பி நின்றாள். எதிரே கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு.

"யாரு?" என்றாள்.

"நான்தான்."

"கோச்சுக்காதீங்கம்மா. கண்ணு வந்துடட்டும், நாலு பேருக்கும் நானே சோறாக்கிப் போட்டுச் சமாதானம் பண்ணிடறேன். ரோட்டுக்கு எப்பிடிப் போறது?"

"நேராப் போ."

கோலை நீட்டிப் பார்த்தாள். "பள்ளமா இருக்குதேம்மா."

"வாய்க்காதான். எட்டி வை, தாண்டிடலாம்."

கை விஷயத்தில் என்னை நம்பாதவள், வழி விஷயத்தில் நம்பினாள். எட்டி வைத்தாள்.

கொஞ்ச நேரம் கூப்பிட்டாள். காலைக் கஞ்சிக்கு நேரமாகிவிட்டதால் நான் திரும்பி வந்துவிட்டேன். பக்கத்துக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த முனியம்மாள் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ, போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், ஐயா. என் இடத்துக்கு யாரை அனுப்பினாலும் நேர்மையானவராகப் பார்த்து அனுப்புங்கள். பாவம், கண் தெரியாதவர்கள். அவர்களை ஏமாற்றுவது ரொம்பச் சுலபம்.