மரியாதைக்குச் சொன்ன 'வேண்டாம்'

ஓல்டன் நிலையத்திலிருந்து ரயில் புறப்பட்டதும் முன் இருக்கைக்காரர் பக்கத்தில் இருந்த நண்பரிடம் சொன்னார்: "இந்தமுறை கூட்டத்திலை என்னிலைதான் முறைப்பாடு."

அவருக்கு வேலை, கதவுகள் எப்போதும் பூட்டியிருக்கும் ஒரு மருத்துவமனையில். அங்கே கற்றல் குறைபாடு உள்ளவர்களும் ஊழியர்களும் காலையில் வட்டமாக உட்கார்ந்து குறைகளைப் பேசித் தீர்ப்பார்களாம்.

"ஆர் சொன்னது?"

"மார்ட்டின், அங்கை தங்கியிருக்கிற ஒருத்தன். கேக்காமல் சாப்பாட்டை அள்ளிப் போடுறனாம். கதவு உங்கடை, பூட்டுத் திறப்பு உங்கடை, சாப்பாட்டுக் கோப்பையாவது என்ரையாய் இருக்கட்டும் எண்டான்."

"அன்பிலைதானே அண்ணை போட்டனீங்கள்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு திரிஞ்சன். எல்லாரும் அவன்ர பக்கம் கையை உயர்த்திச்சினம். இனிக் கேட்டுத்தான் போடவேணும்."

"பிறகு?"

"அண்டைக்கு மத்தியானம் பரிமாறினது மார்ட்டின். போடட்டோ எண்டு கேட்டான். நான் மரியாதைக்கு வேண்டாமெண்டன். அவன் கரண்டியோடை அடுத்த ஆளிட்டைப் போயிட்டான்."

நண்பர் சிரித்தார். "அப்ப பட்டினியோ?"

"ஓம். ஆனால் அகதி விசாரணையிலையிருந்து இண்டைவரை, இந்த நாட்டிலை நான் ஒருக்காச் சொன்னதை அப்பிடியே நம்பினது அவன் ஒருத்தன்தான்."