பிரசாதம் சாப்பாட்டில் சேருமா?

பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து கிள்ளான் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் ரகசியம் பேசினார்கள், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

“பஞ்சாமிர்தம் சாப்பாட்டுல சேருமா, நீங்களே சொல்லுங்கக்கா.”

“சேரும்னு யாரு சொன்னா?”

“மயக்க ஊசி போடுற டாக்டரு. எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆபரேஷன். வெறும் வயித்தோட இருக்கணும்னாரு. சோறு தண்ணி காட்டல. விடிஞ்சதும் கோயில் பிரசாதம் மட்டும் ஒரு மங்கு நெறைய ஊட்டினேன். என்னா கத்து கத்துறாரு லா அந்த டாக்டரு! மயக்கத்துல வயித்துல கெடக்குறது மேல வந்து நுரையீரல்ல எறங்குமாம், உசுரே போயிருமாம். ஆபரேஷனையே நிறுத்திட்டாரு.”

“ஐயோ! மறுபடி எப்போ?”

“இன்னிக்குத்தான்.”

மூத்தவள் மற்றவளின் மடியிலிருந்த தூக்குச்சட்டியைத் தொட்டுப் பார்த்தாள். “சூடா இருக்கே, என்னது?”

“சர்க்கரைப் பொங்கல். அந்தக் கோயில் நமக்கு ராசியில்லக்கா. இது வேற கோயில்.”