முதல் படம்

மராத்திப் பேச்சு நிறைந்த கடக்வாஸ்லா பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அப்பாவும் மகளும். தமிழ் காதில் விழுந்ததும் நிமிர்ந்தேன்.

“நாளைக்குப் பேசறப்பவும் உங்க கை போட்டோவைத்தான் திரையில பெரிசா காட்டப் போறேன்பா,” என்றாள் மகள்.

“மறுபடியுமா?”

“இந்த வாட்டி பெரிய ஆடிட்டோரியம். சொல்லிப் பாக்கறேன், புரியுதான்னு சொல்லுங்க. ஃபேக்டரில வெல்டிங் பண்றப்ப சுட்டுக்கிட்டீங்கல்ல, அந்தப் புண்ணு மூடற வரைக்கும் தோலுல இருக்கற செல்லுக்கெல்லாம் வளருன்னு சிக்னல் போகும். மூடினதும் நின்னுடணும். உங்களுக்கு நின்னுச்சு, வெறும் தழும்புதான். சிலருக்கு நிக்காது. செல்லெல்லாம் பக்கத்துப் பிடியை விட்டுட்டு உள்ள இறங்கிடும். அதான் கேன்சர். முதல் படம் உங்க கை, ரெண்டாவது படம் அது.”

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மே மாத வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டு வரை பட்டன் மாட்டியிருந்தார்.

“அந்த போட்டோ வேணாம்மா. வேற யாரோடதாவது போடு.”

“ஏன்பா, கூச்சமா?”

அவர் பட்டனைக் கழற்றிச் சட்டைக் கையைச் சுருட்டினார். முன்கையில் கைக்குட்டை கட்டியிருந்தது. அதன் நடுவில் ஈரம்.

மகள் கைக்குட்டையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள்.

“எப்பலருந்து?”

“தீபாவளிக்கு அப்புறம். ஆறுது, மறுபடி உடையுது.”

“ஏன்பா எங்கிட்ட சொல்லல?”

“போற இடத்துலயெல்லாம் ஆறின புண்ணுன்னு இதைத்தான் காட்டிக்கிட்டிருந்தே. நீ சொன்னது தப்பாயிடுமேன்னு பாத்தேன்.”