சிறு திருத்தங்கள்

வீடு வாடகைக்குக் கொடுக்கும் தொழிலில் மனிதனை அதிகம் சோதிப்பது குழாய் வாஷர்தான். விரல் நுனியளவு ரப்பர். அதற்காக எத்தனை குடும்பங்கள் என்னோடு பேச்சை நிறுத்தியிருக்கின்றன என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஐயா. இந்தப் பிளேன்டீ நன்றாக இருக்கிறது. பொலிஸ் நிலையத்தில் இஞ்சி போட்டுத் தருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

என் பெயர் அந்தோனிமுத்து. மாத்தளை டவுனிலும் சுற்றுப்புறத்திலும் பதினேழு வீடுகளைப் பார்த்துக்கொள்கிறேன். சொந்தக்காரர்கள் டோஹாவிலும் இத்தாலியிலும் இருக்கிறார்கள். ஆள் பிடிப்பது, வாடகை வாங்கி அனுப்புவது, உடைந்ததைத் திருத்துவது எல்லாம் என் பொறுப்பு. நேற்றிலிருந்து வயரிங் வேலை செய்யும் மீராசாஹிப் பாஸைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் காலையிலேயே கிளம்பி வந்தேன். அவர் நல்ல வேலைக்காரர், வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். என் பொறுப்பிலுள்ள வீட்டில் வாடகைக்கு இருந்த ஜெனிஸ்டா செத்தது அவர் செய்த வேலையால் அல்ல. அவரை அனுப்பிவிடுங்கள், மிச்சத்தை நான் சொல்கிறேன்.

எங்கள் ஒப்பந்தத்தில் பதினோராம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. சிறு திருத்தங்கள் குடியிருப்பவர் செலவு, பெரிய திருத்தங்கள் சொந்தக்காரர் செலவு. எது சிறிது, எது பெரிது என்று அதில் எழுதவில்லை. அதை நான்தான் முடிவு செய்வேன். பெரிய திருத்தம் ஒன்றை இரண்டு நாளில் பாதி பாதியாகச் செய்தால் அது இரண்டு சிறு திருத்தங்களாகிவிடும். இதைத் தப்பு என்று நினைக்காதீர்கள். சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் யாருக்கோ கக்கூஸ் கழுவிக் கட்டிய வீடுகள் இவை. ஜெனிஸ்டா இருந்த வீட்டின் சொந்தக்காரி கிருஷாந்தினி, மிலானில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்கிறாள். மாதாமாதம் அவளுக்கு நான் அனுப்பும் செய்தி ஒன்றுதான்: "தங்கச்சி, இந்த மாசமும் ஒங்களுக்கு ஒரு சதம் செலவில்ல." ஆறு வருடமாக அந்தச் செய்தி மாறவே இல்லை. எனக்கு அதில் பெருமை இருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

ஜெனிஸ்டா எல்கடுவைப் பக்கத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடச் சட்டை தைத்துச் சம்பாதித்தாள். புருஷன் றெக்சன் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் லொறிக்கு மூட்டை ஏற்றிவிட்டுக் கணக்குப் பார்க்கிறவன், வாரம் ஒரு நாள்தான் வீடு. ஆகவே என்னோடு சண்டை போடும் இலாகா அவளிடம் இருந்தது. நல்ல திறமையாக நடத்தினாள். முதல் மாதம் வாஷருக்கு நான் அனுப்பிய பில்லுக்கு, பழைய வாஷரை ஒரு ரூபாய் காசுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினாள். கூடவே ஒரு வொயிஸ் மெசேஜ்: "அண்ணே, இது நா வர முன்னுக்கே செத்துப் போன வாஷரு. அதோட சாவுச் செலவ என் தலையில போடாதீங்க."

அடுத்தது குரங்கு. பின்பக்கத்துக் கூரையில் குரங்குகள் குதித்து ஓடு உடைத்தன. அவள் பப்பாசி மரம் வைத்திருந்தாள், பழத்துக்குத்தானே குரங்கு வருகிறது, ஆகவே ஓடு அவள் செலவு என்று எழுதினேன். இப்போதும் அதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் நினைக்கிறேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "கொரங்கு எங்க வீட்டு ஆளா அண்ணே? அது கையெழுத்துப் போட்ட அக்ரிமெண்ட் இருந்தா அனுப்புங்க, கட்டிர்றேன். லயத்துல இருக்கையில கூட எங்க தொரை கூரைக்கு எங்ககிட்ட காசு கேக்கல." நான் தனியாக இருந்து கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. அவளை எனக்குப் பிடிக்கும், ஐயா. பதினேழு வீட்டிலும் அவள் ஒருத்திதான் ஒப்பந்தத்தை வாசித்திருந்தாள்.

ஆனால் அந்த வொயிஸ்களை அவள் என்னோடு வைத்துக்கொள்ளவில்லை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வளவில் பெண்கள் கூடி நிற்பார்கள். அங்கே போனை உயர்த்திப் பிடித்து, என் பதில்களையும் சேர்த்துப் போட்டுக் காட்டுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வெளியே வரும்போது, பாடகர் குழுவில் பாடும் அந்தோனியம்மா என் காதுபடவே சொன்னாள்: "ஏய், போன மறைங்கடி. வாஷர் முத்து வாறாரு." எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அதற்குப் பிறகு டவுனில் எனக்கு அதுதான் பெயர். மீன் கடைக்காரன்கூட "வாஷர் முத்தண்ணனுக்கு நல்லதா வெட்டிக் குடு" என்கிறான். எனக்கு அவமானமாக இருந்தது. இரவில் படுத்தால் அந்தச் சிரிப்புத்தான் கேட்டது. பூசையை ஆறு மணிக்கு மாற்றிக்கொண்டேன்.

இப்போது ட்ரிப் சுவிட்சுக்கு வருகிறேன், கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்துமே, அதற்கு. ஐப்பசி மழை தொடங்கியதும் அந்த வீட்டில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழ ஆரம்பித்தது. மின்னலுக்கு எல்லோர் வீட்டிலும் விழும். இங்கே தண்ணீர் மோட்டரைப் போட்டாலே விழுந்தது. விழுந்தால் தையல் மெசினும் நின்றுவிடும். மீராசாஹிப் பாஸை அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்:

"முத்தண்ணன், சுவிச்சுல பிழ இல்ல. மோட்டர்ல கரண்ட் லீக் ஆகுது, எர்த் கம்பியும் உக்கிப் போய்க் கெடக்கு. சுவிச்சு விழுறதாலதான் அந்தப் புள்ள தப்பி இருக்கு. மோட்டர மாத்துங்க."

மோட்டர் மாற்றுவதை எந்தப் பக்கம் வெட்டினாலும் சிறு திருத்தமாக்க முடியாது. கிருஷாந்தினிக்கு எழுத வேண்டும். ஆறு வருடத்துச் செய்தி கெட்டுப்போகும். நான் யோசித்து, புதிய ட்ரிப் சுவிட்ச் ஒன்றுக்கு ஜெனிஸ்டா பெயரில் பில் போட்டேன். சுவிட்சைப் பிழை என்று மாற்றிவிட்டு, அதுவும் விழுந்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அவள் அன்றைக்கே பதில் அனுப்பினாள்: "அண்ணே, பாஸுக்கு டீ ஊத்திக் குடுத்து நானும் கேட்டேன். சுவிச்சு நல்லா இருக்காம். மோட்டருக்குத்தான் வருத்தமாம். நோயாளி ஒருத்தர், மருந்து இன்னொருத்தருக்கா? இதுக்கு நா ஒரு சதம் கட்டமாட்டேன்." அந்த வொயிஸும் ஞாயிற்றுக்கிழமை கோயில் வளவுக்குப் போனது. என் மனைவி வந்து சொன்னாள்.

சரி, அவள் காசு கட்டாத சுவிட்ச் எதற்கு, விழாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். சுவிட்சைத் தாண்டி நேரே வயரை இணைத்துவிடச் சொல்லிப் பாஸைக் கேட்டேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "அல்லாஹ்வுக்குப் பதில் சொல்லணும் முத்தண்ணன், அந்த வேல என்னால ஏலாது" என்றார். அதனால் அவரைக் கஷ்டப்படுத்தாமல், ஜெனிஸ்டா சட்டைகளைக் கொடுக்கக் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் நானே போய்ச் செய்தேன். என்னிடம் எல்லா வீட்டுச் சாவியும் உண்டு. சுவிட்ச் அதே இடத்தில்தான் இருந்தது, மேலும் கீழும் அசைந்தது, பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. வேலை செய்யாது, அவ்வளவுதான். பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒன்றும் விழவில்லை. மூன்றாம் நாள் அவள் அழைத்தாள். சண்டைக்காரக் குரலே இல்லை.

"அண்ணே, மோட்டரத் திருத்திட்டீங்க போல? இப்ப விழுறதே இல்ல. எனக்கு அழுகையே வந்துருச்சி. நா ஒங்களப் பத்தி என்னென்னமோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க."

"திருத்தியாச்சு தங்கச்சி. சொந்தக்காரம்மா செலவு" என்றேன்.

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த ஞாயிறு எட்டு மணிப் பூசைக்குப் போனேன். வளவில் எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டு, "முத்தண்ணன் தங்கமான மனுசன்" என்று சொன்னாள். அந்தோனியம்மா தலை குனிந்தாள். என் வாழ்க்கையில் நல்ல ஞாயிறுகளில் அது ஒன்று. அவள் வழக்கில் வென்றதாக நினைத்தாள், நானும் அதைக் கெடுக்கவில்லை.

கிணற்றடியில் இருக்கும் அந்த மோட்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. சில நாள் தண்ணீர் இழுக்காது. அதன் தலையில் இருக்கும் மூடியைக் கழற்றி ஒரு செம்பு தண்ணீர் ஊற்ற வேண்டும். இங்கே எல்லோரும் மோட்டர் ஓடும்போதே ஊற்றுவார்கள், அப்போதுதான் சட்டென்று இழுக்கும். ஜெனிஸ்டா மட்டும் பிளக்கைக் கழற்றிவிட்டு, ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டுதான் கிட்டப் போவாள். அவ்வளவு கவனமான பெண். மோட்டர் திருத்தியாயிற்று என்று கேட்ட பிறகு அவளுக்கு அந்தப் பயம் பாதி விட்டுப்போயிருந்தது.

அந்த ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குச் சட்டை வாங்க வந்த பக்கத்து வீட்டு அபீபாதான் கிணற்றடியில் அவளைக் கண்டாள். செய்தி கேட்டதும் முதலில் போனவன் நான். பிரேதப் பெட்டிக்கு ஏற்பாடு செய்தேன், றெக்சனைத் தம்புள்ளையிலிருந்து கூட்டிவர வேன் அனுப்பினேன். எட்டாம் நாள் அவன் சாவியைத் தந்தபோது அட்வான்ஸை முழுதாகக் கையில் கொடுத்தேன். ஓட்டுக்குக்கூட வெட்டவில்லை. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அவளுடைய போனில் கடைசியாக இருந்த அழைப்பைப் பற்றித்தானே கேட்கப்போகிறீர்கள்? பத்து மணி நாலு நிமிடம். என் இலக்கம்தான்.

"அண்ணே, மோட்டரு தண்ணி இழுக்கல. மழைக்கு எடமெல்லாம் ஈரம். பிளக்கக் கழட்டாம, ஓடவிட்டே ஊத்தலாமா? முந்தி தொட்டா கையில சுர்ருனு இழுக்கும், அதான் ஒரு வார்த்த கேக்குறேன்."

அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, ஐயா. மறந்துபோனேன் என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கமாட்டேன். பாஸ் சொன்னதும் ஞாபகம் இருந்தது, நான் இணைத்த வயரும் ஞாபகம் இருந்தது. தொடாதே என்று சொன்னால் போதும், பிள்ளை விலகிப் போயிருக்கும். ஆனால் அப்படிச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். கேட்டால், மோட்டர் திருத்தவில்லை என்று சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு அது வளவில் ஒலிக்கும். அவள் சொன்னதுதான் முதலிலிருந்தே சரி என்று ஆகிவிடும்.

"பயப்படாம ஊத்துங்க தங்கச்சி" என்றேன். "இப்பதானே திருத்தினது."