இறங்கும் வழிக்குச் சாப்பாடு

— எழுந்திருப்பேன். பல் தேய்ப்பேன். டீ போட்டுக் குடிப்பேன். முதுகுப் பையில அரிசி மூட்டையை வச்சுக் கட்டுவேன். கீழ இறங்கிப் போய், மறுபடி மொட்டை மாடி வரைக்கும் படியில ஏறுவேன். அப்புறம் குளிச்சிட்டு ஆபீஸ். அவ்வளவுதான் அத்தை.

— அவ்வளவுதானா! விடிஞ்சும் விடியாமலும் ஒரு ஆள் அரிசி மூட்டையோட படியேறினா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? உங்க கீழ் வீட்டம்மா எனக்கு போன் பண்ணி, மருமகன் மொட்டை மாடியில மளிகைக் கடை ஏதும் போட்டிருக்காரான்னு கேக்கறா.

— பயிற்சி. மலைக் கணவாய்க்குப் போறதுன்னா கால் பழகணும்.

— மூட்டை இல்லாத நேரத்துலயும் லிஃப்ட்ல ஏற மாட்டேங்கறீங்களாமே.

— படி பழகிடுச்சு.

— சரி, நகருங்க. நானும் தரையில உக்காரணும். என் முட்டி உங்க மலையை விட மோசம் மாப்பிள்ளை. இந்தக் கந்தலெல்லாம் பைக்குள்ள போகப்போகுதா?

— கந்தல் இல்ல. கூடாரம், தூங்குற பை, அடுப்பு, மழைக் கோட்டு, விசில்.

— விசில் எதுக்கு? போற வர்ற பொண்ணுங்களைப் பாத்து அடிக்கவா?

— வழி தவறினா ஊத. மூணு தடவை ஊதினா உதவி வேணும்னு அர்த்தம்.

— கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன? என் பொண்ணு போனதுலேருந்து உங்க பல்லு என்ன நிறம்னே மறந்துபோச்சு எனக்கு.

— உங்களைக் கூப்பிட்டது வேற விஷயத்துக்கு. போற வழி, வர்ற நாள் எல்லாத்தையும் வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுத்தான் கிளம்பணும். சொன்ன நாள்ல ஆள் வரலைன்னா அவங்க மீட்புக் குழுவுக்கு போன் பண்ணணும். அவ போட்ட விதி.

— அதுக்கு என்னை விட்டா வேற ஆளில்லையா?

— இல்ல.

— அப்படின்னா டெஸ்ட்டை ஆரம்பிச்சிட வேண்டியதுதான். டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கொடுத்து நான் பாக்காத ஆளா? சந்தேகம்னு பட்டா வண்டியை ரோட்டுல இறக்க விட மாட்டேன். சொல்லுங்க. முதல் நாள்?

— பஸ். அடிவாரக் கிராமத்துல தங்கல். மறுநாளும் அங்கயே. உடம்பு உயரத்துக்குப் பழகணும்.

— நல்லது. எஞ்சின் சூடாகட்டும். அப்புறம்?

— ரெண்டு நாள் நடை. நடுவுல காட்டுல ஒரு ராத்திரி, ஏரிக்கரையில ஒரு ராத்திரி. அடுத்த நாள் இருட்டோட கிளம்பி கணவாய்.

— ஏன் இருட்டோட?

— காலையில பனி இறுகி இருக்கும், கால் புதையாது. மதியம் ஆனா மேகம் இறங்கிடும்.

— போன தடவை ரெண்டு பேரும் அந்த ஏரியைத் தாண்டினதுக்கப்புறம்தானே திரும்பி வந்தீங்க? அவ பாதிக் கதைதான் சொன்னா.

— உயரம் ஒத்துக்காம எனக்குத் தலைவலி. மறைச்சேன். அவ நின்னு, ஷூ லேஸைக் கட்டுன்னா. விரல் தடுமாறிச்சு. உடனே, திரும்புன்னா. யார் திரும்புன்னு சொன்னாலும் ரெண்டு பேரும் திரும்பணும். கீழ வர்ற வரைக்கும் சண்டை போடக் கூடாது. அதுவும் விதி.

— கீழ வந்து போட்டீங்களாக்கும்?

— பஸ்ல. பாதியில அவ தூங்கிட்டா. அதனால அவதான் ஜெயிச்சா.

— என் பொண்ணுன்னா சும்மாவா! நடுரோட்டுல நிறுத்தி டெஸ்ட் வச்சிருக்கா பாருங்க. சரி, இந்தத் தடவை உங்களை லேஸ் கட்டச் சொல்றது யாரு?

— தனியாத்தான் போறேன்.

— அது தெரியும். கேள்விக்குப் பதில் வரல. போகட்டும், கணவாயைத் தொட்டாலும் தொடாட்டியும் எத்தனை மணிக்குத் திரும்பறீங்க?

— அங்க போய்ப் பாத்துக்கறேன்.

— அங்க போய்ப் பாத்துக்கறேன்னு சொன்னவங்க எல்லாரையும் நான் ஃபெயில் பண்ணியிருக்கேன். அந்தச் சாப்பாட்டுப் பையை இப்படித் தள்ளுங்க. ஓட்ஸ், பிஸ்கெட், பாதாம்... இது காட்டுக்கு. இது ஏரிக்கரைக்கு. இது கிளம்பற காலைக்கு. மிச்சம் எங்க?

— அவ்வளவுதான்.

— இறங்கும்போது எதைச் சாப்பிடுவீங்க?

— இறங்கும்போது பசிக்காது.

— மாப்பிள்ளை.

— பை கனமாயிடும் அத்தை.

— மூட்டை அரிசியைச் சுமக்கற முதுகுக்கு ரெண்டு பிஸ்கெட் பாக்கெட் கனமா? திரும்பி வர பஸ் டிக்கெட் எடுத்தாச்சா?

— இல்ல.

— கையில இருக்கறதைக் கீழ வைங்க. என்னைப் பாருங்க. நேராக் கேக்கறேன். திரும்பி வர்ற எண்ணம் இருக்கா, இல்லையா?

— தெரியல.

— தெரியலையா!

— ஏதும் பண்ணிக்கணும்னு இல்ல அத்தை. மேல போய் உக்காரணும். அதுக்கப்புறம் என்னன்னு யோசிக்கல.

— ஸ்டியரிங்கை விட்டுட்டு, நான் எங்கயும் இடிக்கலையேன்னு சொல்ற மாதிரி இருக்கு.

— திட்டுங்க.

— திட்டத்தான் போறேன். அந்த ஒரு வேலைதானே எனக்கு மிச்சம்? ஒரே பொண்ணு. அவளை அனுப்பிட்டு, ஞாயித்துக்கிழமை ஆனா உங்களுக்கு போன் போடறேன். சாப்பிடலைன்னு திட்டறேன், முடி வெட்டலைன்னு திட்டறேன். போனை வச்சதுக்கப்புறம்தான் எனக்கே சோறு இறங்குது. அதையும் பிடுங்கிட்டுப் போயிட்டா நான் யாரைத் திட்டுவேன்? உங்க கீழ் வீட்டம்மாவையா?

— அழாதீங்க அத்தை.

— யார் அழறா? உங்க தூங்குற பையில அத்தனை தூசி. இங்க கேளுங்க. கத்துக் கொடுக்கற வண்டியில என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டறவங்க மிதிக்கலைன்னா நான் மிதிப்பேன். அதனால நானும் வர்றேன்.

— மலைக்கா? இந்த முட்டியோடயா?

— அடிவாரத்துக்கு. கிராமத்துல ஒரு ரூமைப் போட்டு உக்காந்திருப்பேன். பதினோரு மணின்னா பதினோரு மணி. கணவாய் கைக்கெட்டற தூரத்துல இருந்தாலும் திரும்பிடணும். தலை வலிச்சா அதுக்கும் முன்னாடி. லேஸ் கட்ட வரலைன்னா அந்த இடத்துலயே. மறுநாள் பொழுது சாயறதுக்குள்ள என் கண்ணு முன்னாடி வந்து நிக்கணும். இல்லைன்னா மீட்புக் குழுவுக்கு முன்னாடி நான் ஏறி வருவேன்.

— வந்தாலும் வருவீங்க.

— வருவேன். விசில் இன்னொண்ணு வாங்குங்க, எனக்கு. அட, பல்லு வெள்ளையாத்தான் இருக்கு! மணி எத்தனைன்னு சொன்னேன்?

— பதினொண்ணு.

— சாப்பாடு?

— இறங்கறதுக்கும் சேத்து வாங்கறேன். ஒரு நாளைக்கு அதிகமாவே.

— டிக்கெட்?

— ரெண்டு பேருக்கு. போக, வர.

— ம். இன்னும் பாஸ் போடல. ஒரு கேள்வி பாக்கி. அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் ஃப்ளாஸ்க்கை எடுத்துக்கிட்டு வெந்நீர் பிடிக்கப் போயிட்டேன். வர்றதுக்குள்ள அவளை ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிட்டாங்க. அப்புறம் அவ கண்ணைத் திறக்கவே இல்ல. கடைசியா அம்மான்னு கூப்பிட்டான்னு நானே எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறேன். பக்கத்துல நின்னுக்கிட்டு நீங்களும் மறுத்துப் பேசல.

— உங்களுக்கு அது வேணும்னு தோணிச்சு.

— தெரியும். இப்ப வேணாம். என்னதான் சொன்னா?

— என்னை வரச் சொன்னா.

— வரச் சொன்னாளா?

— வான்னு சொன்னா. காலையில கண்ணு முழிச்சா அதுதான் காதுல கேக்குது.

— எந்த இடத்துல வச்சுச் சொன்னா?

— லிஃப்ட் வாசல்ல. ஸ்ட்ரெச்சரை உள்ள தள்ளிட்டாங்க. எனக்கு இடமில்ல. அப்பதான் சொன்னா. நான் படியில ஓடினேன். போய்ச் சேர்றதுக்குள்ள தியேட்டர் கதவை மூடிட்டாங்க.

— ஓ. அந்தப் படியைத்தான் இன்னும் ஏறிக்கிட்டிருக்கீங்களா... வான்னு மட்டுமா சொன்னா? அவ வாயிலேருந்து வந்ததை அப்படியே சொல்லுங்க மாப்பிள்ளை. ஒரு வார்த்தை விடாம.

— “நான் லிஃப்ட்ல போறேன். நீ படியில மெதுவா வா. ஒண்ணும் அவசரமில்ல.”