இரண்டாம் தடத்தில் தேறிய கார்

மார்ச் 14, செவ்வாய்க்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு, வாகனத் தகுதிச் சோதனை நிலையத்தின் இரண்டாம் தடத்தில், 1958ஆம் வருடத்து இளம்பச்சைக் கார் ஒன்று பிரேக் சோதனையில் தேறியது. சான்றிதழில் இருக்கும் கையெழுத்து என்னுடையது.

இன்ஸ்பெக்டர் ஐயா, பழைய கார் பார்ப்பது ஒன்றும் கெட்ட பழக்கம் இல்லை. சிலர் பறவை பார்க்கிறார்கள். நாங்கள் நாலு பேர் ரோட்டைப் பார்க்கிறோம். வீடு வீடாகப் போய் மின் மீட்டர் கணக்கெடுக்கும் நண்பர் ஒருவர்தான் எங்களுக்கு மூத்தவர். அவர் வைத்த விதிதான் எங்கள் விதி. கண்காட்சியில் பார்த்த கார் கணக்கில் வராது. கொட்டகையில் நிற்பது வராது. லாரியில் ஏற்றிப் போவதும் வராது. கார் ரோட்டில் ஓட வேண்டும். அதற்குள் இருப்பவர் ஏதாவது வேலையாகப் போய்க்கொண்டிருக்க வேண்டும். பின் சீட்டில் காய்கறிப் பை தெரிந்தால் அன்றைக்கு அவருக்கு வேறு எதுவும் தேவையில்லை.

"கண்ணாடிக்குப் பின்னாடி நிக்கிறது கார் இல்லப்பா, அது படம்," என்பார் மீட்டர்காரர். "மழையில நனையணும். சிக்னல்ல நின்னு பின்னாடி இருக்கிறவன்கிட்ட திட்டு வாங்கணும். அப்பதான் அது கார்."

அந்தப் பச்சைக் காருக்கு நாங்கள் வைத்த பெயர் மாமனார். ஆள் வருவதற்கு முன்னாலேயே அவருடைய இருமல் தெருவுக்குள் வந்துவிடும். அதைச் செய்த கம்பெனி மூடி நாற்பது வருடம் ஆகிறது. அந்த ரகத்தில் இன்னும் ரோட்டில் ஓடுவது எங்களுக்குத் தெரிந்து அது ஒன்றுதான். ஓட்டியவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். எழுபத்து நான்கு வயது. புதனும் சனியும் காலையில், ஊரின் அந்தப் பக்கம் முதியோர் இல்லத்தில் இருக்கும் தன் அக்காவுக்குத் தலை கழுவிவிட்டு, சாப்பாடு ஊட்டிவிட்டு வருவார். அக்காவுக்குப் பேச்சு போய்விட்டது. டீச்சர் வரவேண்டிய நாளில் வேறு யார் ஊட்டினாலும் வாய் திறக்க மாட்டார்.

எனக்கும் அந்த டீச்சர்தான் கணக்கு எடுத்தார். இரக்கப்பட்டு அரை மார்க் போட்டவர் இல்லை.

சோதனையைப் பற்றிச் சொல்கிறேன். முன்சக்கரங்களை உருளைகளின் மேல் ஏற்றி, நான் காருக்குள் உட்கார்ந்து, பெடலை அழுத்திப் பிடித்துப் பத்து வரை எண்ண வேண்டும். ஆறு எண்ணுவதற்குள் என் கால் தரையைத் தொட்டது. காலை எடுத்து இரண்டு முறை வேகமாக அடித்துப் பிடித்தேன். பெடல் கெட்டியாக நின்றது, பிரேக்கின் பிடியை அளந்து காட்டும் முள்ளும் ஏறியது. இதற்கு என்ன அர்த்தம் என்று தெருவில் பஞ்சர் ஒட்டுகிறவரும் சொல்வார். பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது. ஒரு நாள் முதல் மிதியில் ஒன்றும் பிடிக்காது. அப்புறம் இரண்டாம் மிதியிலும் பிடிக்காது.

இரண்டாம் தடத்து இயந்திரம் பழையது, தானாக அச்சடிக்காது. முள்ளைப் பார்த்து நாங்கள்தான் எழுதுகிறோம். நான் எழுதிய எண் பொய் இல்லை. முள் அங்கே நின்றது. எத்தனையாவது மிதியில் நின்றது என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

வெளியே பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த டீச்சரிடம் சான்றிதழைக் கொடுத்தேன். அவர் உடனே வாங்கவில்லை.

"பெடல் கொஞ்சம் உள்ள போற மாதிரி இருக்கே. பார்த்தியா?"

"பார்த்தேன் டீச்சர். காருக்கு ஒண்ணும் இல்ல. முழங்கால்ல பலம் குறைஞ்சா அப்படித்தான் தெரியும்."

அவர் தன் வலது முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அப்ப என்னைத்தான் உன் உருளையில ஏத்திப் பாக்கணும்," என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் நேற்றுக் கேட்டீர்கள். இரக்கத்தால் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லி வந்தேன். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அந்த ரப்பர் எங்கேயும் கிடைக்காது, செய்துதான் வாங்க வேண்டும். கார் தேறவில்லை என்றால் அவருடைய மருமகன் அதைத் தன் ஓட்டலின் வரவேற்பறைக்குக் கொண்டுபோய் நிறுத்தக் காத்திருந்தார். "சுத்தி கயிறு கட்டி, தொடாதீர்கள்னு பலகை வெச்சிருவான். விட்டா என்னையும் உள்ள உக்கார வெச்சிருவான்," என்று டீச்சரே முந்தின வருடம் சொல்லியிருந்தார். பேருந்தில் போவதென்றால் இரண்டு மாற வேண்டும். அவர் போகாவிட்டால் அக்கா அன்றைக்குப் பட்டினி. இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் சான்றிதழில் கையெழுத்துப் போட்டபோது என் மனதில் அக்கா இல்லை. கயிறுதான் இருந்தது. கயிற்றுக்குள் நிற்கும் கார் எங்கள் கணக்கில் வராது.

அடுத்தது, நீங்கள் கேட்காத விஷயம்.

டீச்சர் வழக்கமாகப் போவது மார்க்கெட் ரோடு. தட்டையான ரோடு, ஓயாத நெரிசல், இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் யாராலும் போக முடியாது. அங்கே பிரேக் போயிருந்தால் முன்னால் போகும் வண்டியின் பம்பர் நசுங்கியிருக்கும், நாலு வசவு விழுந்திருக்கும். எங்கள் வீடு இருப்பது சரிவு ரோட்டில், இரண்டாம் மாடியில். மேலே ஒரு வளைவு, அங்கிருந்து கீழே மருந்துக்கடை முக்கு வரை நேர் இறக்கம். காலை ஏழே முக்காலிலிருந்து எட்டு வரை அந்த வளைவில் விழுகிற வெயில் வேறு எங்கேயும் விழாது.

ஏப்ரல் முதல் வாரம் ரொட்டிக் கடையில் டீச்சரைப் பார்த்தேன். மார்க்கெட் ரோட்டில் குழாய் போடத் தோண்டியிருக்கிறார்கள், ரெண்டு மாதம் ஆகும், சரிவு ரோட்டில் போங்கள், காலையில் காலியாக இருக்கும் என்றேன். தோண்டியது உண்மை. ஆறு நாளில் மூடிவிட்டார்கள். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவரும் என் பேச்சை நம்பி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டில் துணிக்கொடியை பால்கனியிலிருந்து அவிழ்த்துப் பின்பக்கம் கட்டினேன். மனைவிக்குக் கோபம். "வெயில் இந்தப் பக்கம் அடிக்குது, துணி அந்தப் பக்கம் தொங்குது. இந்த மாமனாருக்குக் குடுக்கிற மரியாதையில கால்வாசி எங்கப்பாவுக்குக் குடுத்திருக்கீங்களா?" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். கொடியை நான் திருப்பிக் கட்டவில்லை.

பதினொரு வாரம், வாரத்துக்கு இரண்டு தடவை, கார் என் கண்ணுக்குக் கீழே இறங்கிப் போனது. வளைவில் டீச்சர் பெடலை இரண்டு முறை அடிப்பது அவர் தோளின் அசைவிலேயே தெரியும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவரே பழகிக்கொண்டார். ஜூன் மாதத்தில் மூன்று முறை அடித்தார். ரப்பர் எந்த நிலைமையில் இருக்கிறது என்பதை நான் மாடியிலிருந்தே கணக்குப் போட்டு வந்தேன். ஒவ்வொரு தடவையும், அடுத்த தடவை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

ஜூன் 24, சனிக்கிழமை, காலை ஏழு ஐம்பது. மருந்துக்கடைக்குப் புதுப் பலகை எழுதிக்கொண்டு பெயிண்டர் ஒருவர் ஏணியில் நின்றிருந்தார். எங்கள் நிலையத்தில் 'இரண்டாம் தடம்' என்று எழுதியதும் அவர்தான். கார் வளைவைத் தாண்டி வேகம் குறையாமல் இறங்கி, ஏணியை அடித்து, கடைச் சுவரில் மோதி நின்றது. டீச்சருக்கு மணிக்கட்டு முறிந்தது. பெயிண்டர் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்தார்.

நொறுங்கிய காரைப் பரிசோதித்து அறிக்கை தர எங்கள் நிலையத்தைத்தான் கேட்டார்கள். என்னோடு வேலை பார்க்கும் இன்னொரு பரிசோதகர் விடுப்பில் இருந்தார். நான் போனேன். முன்பக்கம் நசுங்கி, குழாய் உடைந்து, எண்ணெய் எல்லாம் தரையில் கிடந்தது. மோதலில் குழாய் உடைந்து எண்ணெய் வெளியேறியுள்ளது, அதற்கு முன் கோளாறு இருந்ததற்கான அடையாளம் இல்லை என்று எழுதினேன். பிரேக் சிலிண்டரைக் கழற்றிப் பார்க்கவில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

விசாரணையில் டீச்சர் ஒரு வார்த்தைகூட மறுக்கவில்லை. பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்திருப்பேன் என்றார். மிதித்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்கள். "பிரேக்கை மிதிச்ச மாதிரிதான் ஞாபகம். ஆனா கார் நிக்கலையே. அப்ப என் ஞாபகம்தானே தப்பு," என்றார். கால் பலம் குறைந்திருக்கிறது என்று மார்ச்சிலேயே எச்சரித்தார்கள், நான்தான் கேட்கவில்லை என்றும் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்த்தார். அதில் குற்றச்சாட்டு இல்லை. நன்றிதான் இருந்தது. நான் கையிலிருந்த கோப்பைப் புரட்டினேன்.

வெளியே தாழ்வாரத்தில் பெயிண்டரின் மனைவி நின்றிருந்தார். டீச்சர் கட்டுப்போட்ட கையோடு அவர் முன்னால் போய் நின்றார்.

"நீங்க வேணும்னு செய்யலம்மா. எனக்குத் தெரியும்," என்றார் அந்தப் பெண்.

"வேணும்னு செஞ்சா என்ன, செய்யாட்டி என்ன. என் கால்தானே," என்றார் டீச்சர்.

நான் அங்கிருந்து நாலு அடி தூரத்தில், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றிருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். தண்ணீர் குடித்தேன்.

டீச்சருக்கு லைசென்ஸ் போனது, தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். அக்காவைப் பார்க்க இரண்டு பேருந்து மாறிப் போகிறார். சில புதன்கிழமைகளில் போக முடிவதில்லை. மற்ற நாள் மாலைகளில் பெயிண்டர் வீட்டுக்குப் போய் அவர் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இதை எனக்குச் சொன்னது மீட்டர்காரர். மீட்டர் பார்க்கப் போனபோது சமையலறை மேசையில் இருவரும் நோட்டுக்குள் தலை கவிழ்ந்திருந்ததைப் பார்த்தாராம். "பாவம்யா அந்தம்மா, செஞ்ச தப்புக்கு இந்த வயசுல வட்டி கட்டுது," என்றார். நான் ஆமாம் என்றேன்.

உண்மையைச் சொன்னால் டீச்சர் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிடுவார், பெண்ணின் பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்தேன். பரீட்சை முடிந்தது. அவள் எண்பத்தொன்று வாங்கினாள். அதன் பிறகும் ஐந்து மாதம் ஓடிவிட்டது. அதற்கு என்னிடம் காரணம் இல்லை.

போன வியாழக்கிழமை காலை பால்கனியில் நின்றிருந்தேன். டீச்சர் சரிவு ரோட்டில் நடந்து இறங்கினார். மருந்துக்கடை எதிரில் நின்றார். ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, வலது காலைத் தூக்கித் தரையில் அழுத்தினார். கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தி மறுபடி அழுத்தினார். திரும்பவும் இடப்பக்கம். விடை தவறிய கணக்கில் எந்த வரியில் தவறினோம் என்று தேடுகிறவர் மாதிரி, அதையே பத்து நிமிடம் செய்துகொண்டிருந்தார். போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். அன்று மதியம் உங்களிடம் வந்தேன்.

அவர் சரியான பெடலைத்தான் மிதித்தார் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை நான் பால்கனியில் கேமராவோடு நின்றிருந்தேன். அந்தக் காரில் பிரேக் விளக்கு ஒன்றே ஒன்று, பின்பக்கம் நடுவில். பெடலைத் தொட்டாலே ஒரு கம்பி இழுத்து எரியும். மார்ச்சில் அதையும் சோதித்திருந்தேன். நான் கொடுத்திருக்கும் படங்களில் கார் என்னைத் தாண்டிக் கீழே போகிறது. ஒன்றில் விளக்கு எரிகிறது, அடுத்ததில் இல்லை, அடுத்ததில் மறுபடி எரிகிறது. அவர் விடாமல் அடித்துக்கொண்டே போயிருக்கிறார். கடைசிப் படத்தில் பெயிண்டர் ஏணியில் இருந்தபடி திரும்பிப் பார்க்கிறார்.

வளைவிலிருந்து முக்கு வரை பதினொரு விநாடி. கார் நிற்காது என்பது இரண்டாவது விநாடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாம் மாடியிலிருந்து குரல் கொடுத்திருந்தால் பெயிண்டருக்குக் கேட்டிருக்கும். ஏணியிலிருந்து குதித்திருப்பார். கத்தினால் கேமரா பிடித்த கை ஆடும்.

கொடுத்த படங்களின் எண் ஒன்றில் தொடங்காமல் இரண்டில் தொடங்குகிறதே என்று கேட்டீர்கள். மொத்தம் ஏழு படம். முதல் படத்தில் கார் வளைவில் முன்பக்கமாக வருகிறது. பக்கவாட்டில் வெயில், வேறு வண்டி எதுவும் இல்லை, பின் சீட்டில் அக்காவுக்கான சாப்பாட்டுப் பை தெரிகிறது. பிரேக் விளக்கு அதில் தெரியாது, வழக்குக்கு உதவாது என்பதால் கொண்டுவரவில்லை. அது எங்கள் வீட்டு ஹாலில், சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.