சூரியனுக்கு எதிரா ஒரு குடை

சிரியும் தம்பி, சிரியும். ஆடி வெயிலிலை, பஸ்ஸுக்குள்ளை குடையை மடியிலை வைச்சிருக்கிறவனைப் பாத்தா ஆருக்கும் சிரிப்பு வரும்தானே.

என்ன, கொழும்புப் பேப்பரோ? வட்டுக்கோட்டையைச் சுத்திப் பாத்துத் தமிழற்றை மனநிலை எழுதப் போறீரோ? நல்ல விசயம். போன கிழமை முடிஞ்ச எலெக்சனுக்கு நானும் உந்த வேலையைத்தான் செய்தனான். நான்தான் செல்வத்துரை மாஸ்ரர், சுயேச்சையா நிண்டனான். சின்னம் குடை. எதிரிலை நிண்டது உதயசூரியன். யோசிச்சுப் பாரும், சூரியனோடை போட்டிக்குக் குடை!

போன வருசம் இஞ்சைதானே அந்தச் சூரியன் கட்சிக்காரர் தனிநாடு எண்டு தீர்மானம் எடுத்தவை. அது தலைவர்மாரின்ரை கதை, சனத்தின்ரை மனம் வேறை எண்டு எனக்கொரு நினைப்பு. சிங்களவரோடை கதைச்சுத் தீர்ப்பம் எண்டு சொல்லிக்கொண்டு சைக்கிளிலை வீடு வீடாப் படலை திறந்து போனன். எல்லாரும், ஓம் மாஸ்ரர், உங்களுக்குத்தான் எண்டிச்சினம். படிப்பிச்ச வாத்திக்கு முகத்துக்கு நேரை ஆர் இல்லையெண்டு சொல்லுறது? நான் விசரன், அதை நம்பிப் பாராளுமன்றப் பேச்சைக் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு பேசிப் பாத்தன். என்ரை மனிசி சுகிர்தம் வேட்டிக்கு நீலம் போட்டு வைச்சா.

பக்கத்து ஊர் அராலியிலை இராசம்மா மட்டும் ஓமெண்டு சொல்லேல்லை. அவவின்ரை மோன் என்னட்டைப் படிச்சவன். நல்ல மாக்ஸ். தமிழ்ப் பெடியளிட்டைக் கூடின மாக்ஸ் கேக்கிற தரப்படுத்தலாலை கம்பஸ் கிடைக்கேல்லை. பெடியன் முகட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கிறான். அவ தேத்தண்ணியைத் தந்திட்டுக் கேட்டா, இவனுக்காக ஆரோடை மாஸ்ரர் கதைக்கப் போறியள், இவ்வளவு காலமும் கதைச்சவைக்கு என்ன கிடைச்சதெண்டு. நோட்டீசைக் குடுக்காமலே சைக்கிளைத் திருப்பினன் தம்பி. மனம் உடைஞ்சுபோச்சு.

பிறகென்ன, எண்ணி முடியக் குடை பறந்திட்டுது. எனக்கு விழுந்த வோட்டுக்கு ஒரு கலியாணப் பந்தி நிரம்பாது.

இந்தக் குடையோ? சுகிர்தத்தின்ரை கட்டளை. பிடிச்சுக்கொண்டு போங்கோ, வெக்கப்படவேண்டியது ஊர், நாங்களில்லை எண்டுறா. பக்கத்து வீட்டோடை கதையில்லை. சொந்தத் தமக்கையோடையும் கதையில்லை. நாங்கள் ரெண்டு பேரும் குடைக்குப் போட்டம், நீங்கள்தான் ஏமாத்திப் போட்டியள் எண்டு வேலிக்கு மேலாலை பேச்சு.

பாவம், அவ போட்டது மெய்தான்.

வோட்டுப் போடப் போன இடத்திலை நான் பென்சிலைக் கையிலை எடுத்தன். இராசம்மா கேட்ட கேள்விதான் அப்பவும் காதிலை நிண்டுது. புள்ளடியைச் சூரியனுக்குப் போட்டிட்டு வந்திட்டன்.

உதை மட்டும் எழுதிப் போடாதையும். சுகிர்தம் உம்மடை பேப்பர்தான் வாசிக்கிறவ.